அஞ்சுதலும் மிஞ்சுதலும்



தோல் நோய்களுக்குப் பூசப்படும் ஒருவகை மருந்தைப் பற்றி இன்று உங்களுடன் பேச வந்திருக்கின்றேன். நான் வைத்தியன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, அரசாங்கப் பாடசாலைகளிற் பல்லாண்டு காலம் படிப்பித்து, இப்பொழுது ஒரு பாடசாலையின் அதிபராக இருப்பவன். அத்தகைய ஒருவன் களிம்பையும் கிறீமையும் பற்றிப் பேச வருவதேன் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. என்னுடைய பாடசாலையிற் படித்த இரண்டு பிள்ளைகளே என்னை இந்த விடயத்துக்குள் இழுத்து வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு நானும் ஒரு பிழை செய்தேன். அந்தப் பிழையின் பின்னரே நூல்களைத் தேடிப் படித்தேன். வைத்திய நண்பர்களிடம் கேட்டு அறிந்தேன். அறிந்தவற்றையே இங்கு கூறுகின்றேன். வைத்தியரிடம் செல்வதற்குப் பதிலாக அன்று, செல்லும்போது நல்ல கேள்விகளுடன் செல்வதற்காகவே இந்தப் பேச்சைக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையில் ஆறாந் தரத்தில் ஒரு மாணவி இருந்தாள். படிப்பிற் கெட்டிக்காரி. அவளுடைய முழங்கை மடிப்புகளிலும் முழங்கால் மடிப்புகளிலும் தோல் தடித்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருக்கும். இரவெல்லாம் சொறிந்துவிட்டுக் காலையில் உறங்கி விழுந்த முகத்துடன் வருவாள். அவளுடைய கொப்பியின் ஓரங்களில் இரத்தப் பொட்டுகள் இருக்கும். பக்கத்திற் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, “சொறி பிடிச்ச பிள்ளையோடை எங்கடை பிள்ளையள் எப்பிடி ஒண்டாய் இருக்கிறது?” என்று முறையிட்டார்கள். நானும் ஆராயாமல், அவளைத் தனி மேசையில் இருத்தும்படி வகுப்பாசிரியையிடம் கூறிவிட்டேன். ஏறத்தாழ ஒரு மாதம் அந்தப் பிள்ளை யன்னலோரத்தில் தனியே இருந்தாள்.

பின்னர் அவளுடைய தாயாரை அழைத்துப் பேசினேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதாகச் சொன்னார். கிரந்தி என்று கத்தரிக்காய், இறால், நண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். வைத்தியசாலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். போனதாகவும், அங்கே தந்த மருந்து அலுமாரிக்குள் இருப்பதாகவும் கூறினார். ஏன் பூசவில்லை என்று கேட்டதற்கு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்ன மறுமொழி இன்றும் என் காதில் இருக்கின்றது. “ஐயா, உந்த மருந்து பூசினால் தோல் மெலிஞ்சு போகுமாம். பெண்பிள்ளை. நாளைக்கு ஆர் என்ன சொல்லுவினமோ எண்டு பயமாய் இருக்கு.”

அதே ஆண்டில், பதினோராந் தரத்து மாணவன் ஒருவன் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினான். காரணம் கேட்டபோது, இடுப்பிலும் தொடையிலும் வட்டம் வட்டமாகப் படை விழுந்திருப்பதாக வெட்கத்துடன் கூறினான். முதலில் ஒரு சிறு வட்டமாகத்தான் இருந்ததாம். நண்பன் ஒருவன் சொல்ல, மருந்துக் கடையில் ஒரு கிறீம் வாங்கிப் பூசினானாம். “ரெண்டு நாளிலை சொறிச்சல் நிண்டிட்டுது சேர். விட்டவுடனை திரும்பி வந்திட்டுது. பிறகும் பூசினனான்” என்றான். இப்படிப் பூசுவதும் விடுவதுமாக மூன்று மாதம் சென்றபோது படை முதுகுவரை ஏறிவிட்டது.

இரண்டு பிள்ளைகளின் மருந்துப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், தோல் வைத்தியரான நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள்தாம்” என்றார். வியந்தேன். ஒரு பிள்ளை அந்த மருந்தைப் பூசாமையாலே துன்பப்படுகின்றாள். மற்றப் பிள்ளை அதனைப் பூசியமையாலே துன்பப்படுகின்றான். ஒருபுறம் அஞ்சுதல், மறுபுறம் மிஞ்சுதல். இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி யாது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது அறிவோம். அழல் என்னும் சொல்லுக்கு நெருப்பு என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே அழற்சி என்னும் சொல். இலத்தீன் மொழியிலும் தீப்பற்றுதலைக் குறிக்கும் சொல்லே இதற்குப் பெயராயிற்று. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்ற உரோம எழுத்தாளர், சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், நோதல் என்று அழற்சிக்கு நான்கு அடையாளங்களை எழுதி வைத்தார். உண்மையில் அழற்சி என்பது உடம்பின் காவற் படை. முள் குத்தினாலும் கிருமி புகுந்தாலும் அது எழுந்து போரிடும். ஆனால் கரப்பான் என்று நாம் வழங்கும் எக்சிமாவிலும், செதில் செதிலாய் உரியும் சொரியாசிஸ் நோயிலும், இப்படை பகைவன் இல்லாத இடத்திற் போர் தொடுக்கின்றது. கரப்பானில் தோலின் மேற்புற வேலியும் பழுதுபட்டிருக்கும். ஈரம் வெளியே போய்விடும். உறுத்தும் பொருள்கள் உள்ளே வந்துவிடும். சொறிய வேலி இன்னும் பிரியும்; பிரியப் பிரியச் சொறிச்சல் மிகும். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

இங்கே நேயர்கள் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, கரப்பான் தொற்றுநோய் அன்று. அருகில் இருப்பதாலோ, தொடுவதாலோ, ஒரே வாங்கில் அமர்வதாலோ அது பரவாது. இதனை அறியாதவனாக ஓர் அதிபர் இருந்தமையாலேதான் ஒரு பிள்ளை யன்னலோரத்தில் தனித்திருந்தாள். மற்றொன்று, நூல்களில் ‘சிவந்த தோல்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம் உடம்பிற் தேடக்கூடாது. வெண்ணிறத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட வருணனை அது. எமது கரிய, மாநிறத் தோலில் அதே அழற்சி சாம்பல் நிறமாகவோ, ஊதா கலந்த கருமையாகவோ, கடும் மண்ணிறமாகவோ தோன்றும். சிவப்பைக் காணவில்லையே என்று நோயைச் சிறிதாக மதித்துவிடக்கூடாது.

இனி மருந்தின் வரலாற்றுக்கு வருவோம். எமது சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி வைத்தாற்போல அதிரீனல் சுரப்பிகள் என்னும் இரு சிறு சுரப்பிகள் உள்ளன. அவை பழுதுபட்டால் மனிதன் மெலிந்து மாய்வான் என்பதை 1855 ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த தோமஸ் அடிசன் என்ற வைத்தியர் எடுத்துக் காட்டினார். அச்சுரப்பியின் புறப்பகுதியிலிருந்து ஊறும் ஓமோன்களை, அமெரிக்காவில் மேயோ வைத்தியசாலையைச் சேர்ந்த எட்வேட் கெண்டலும், சுவிற்சர்லாந்தில் தடேயுஸ் ரைக்ஸ்டைனும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். 1948 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கெண்டலின் நண்பரான பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு, பின்னர் கோட்டிசோன் எனப் பெயர் பெற்ற பொருளை ஊசிமூலம் ஏற்றினார். கட்டிலிற் புரண்டு படுக்கவும் இயலாதிருந்தவள் சில நாட்களில் எழுந்து நடந்தாள். உலகமே வியந்தது. 1950 ஆம் ஆண்டில் அம்மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் வியப்பின் பின்னே வேதனையும் வந்தது. அம்மருந்தை ஊசியாகவும் குளிசையாகவும் மிகுதியாய், நீண்ட நாள் பெற்றவர்களுக்கு முகம் உப்பிற்று, எலும்பு நலிந்தது, நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஏறின. ‘ஸ்டெரொயிட்’ என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் அஞ்சும் அச்சத்துக்குப் பெருங் காரணம் இதுவே. உள்ளே செலுத்திய மருந்தின் கெடுபெயர் வெளியே பூசிய மருந்தின் மேலும் ஏறிவிட்டது.

வெளியே பூசும் மருந்தின் கதை வேறு. கோட்டிசோனைக் களிம்பாக்கித் தோலிற் பூசிப் பார்த்தபோது அது பயன் தரவில்லை. ஏனெனில் அது தன் வேலையைச் செய்வதற்கு முன் வேறொரு பொருளாக மாறவேண்டும். அம்மாற்றம் பெரும்பாலும் ஈரலிலேயே நிகழ்வது. மாறிய பின் கிடைக்கும் பொருளான ஐதரோகோட்டிசோனையே நேராகப் பூசினால் என்ன? 1952 ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த மேரியன் சல்ஸ்பேகர், விக்டர் விற்றன் என்னும் தோல் வைத்தியர் இருவர் அதனைப் பூசி, கரப்பான் போன்ற நோய்கள் தணிவதைக் கண்டு வெளியிட்டார்கள். தோல் வைத்தியத்தில் ஒரு புது யுகம் அன்று தொடங்கிற்று. அதற்கு முன்னர் தார்க் களிம்பும், கந்தகமும், நாகக் களிம்பும், ஈரத் துணிக் கட்டுமே வைத்தியர்களுக்குப் பெருந்துணையாய் இருந்தன.

இம்மருந்து தோலின் உயிரணுக்களுக்குள் நுழைந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களை ஆக்கும்படி இடும் கட்டளைகளை அடக்குகின்றது. விரிந்த நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றது. எனவே வீக்கமும் சொறிச்சலும் தணிகின்றன. ஆனால் அதே கையாலே தோலின் வளர்ச்சியையும் அது மட்டுப்படுத்துகின்றது. காவற் படையையும் உறங்கச் செய்கின்றது. இம்மருந்தின் நன்மையும் தீமையும் இரு வேறு ஊற்றுகளிலிருந்து வருவன அல்ல. ஒரே ஊற்றிலிருந்து வருவன. ஆதலால், இது நல்லதா கெட்டதா என்ற கேள்வியே பொருந்தாது. எந்த நோய்க்கு, எந்த வலிமையில், எந்த இடத்தில், எத்தனை நாள் என்பனவே பொருத்தமான கேள்விகள்.

வலிமையை முதலிற் பார்ப்போம். 1952 ஆம் ஆண்டின் பின்னர் வேதியியலாளர் அந்த மூலக்கூற்றிற் சிறு மாற்றங்கள் செய்து, ஒன்றைவிட ஒன்று வலிமை மிக்க மருந்துகளை ஆக்கிக்கொண்டே போனார்கள். அவற்றின் வலிமையை அளப்பது எப்படி? மக்கென்சி, ஸ்ரோட்டன் என்னும் இருவர் 1962 ஆம் ஆண்டில் ஓர் எளிய வழியைக் கண்டார்கள். மருந்தை முன்கையிற் பூசுவது. இரத்தக் குழாய் சுருங்குவதால் அவ்விடம் வெளிறும். எவ்வளவு வெளிறுகின்றதோ அவ்வளவு வலிமை. இத்தகைய அளவைகளையும் நோயாளரிடத்துக் கண்ட பயனையும் கொண்டு, பிரித்தானிய முறையில் இம்மருந்துகளை நான்கு படிகளாக வகுத்திருக்கின்றார்கள். மென்மையானது ஐதரோகோட்டிசோன். நடுத்தரமானது குளோபெற்றசோன். வலியது பீற்றாமெதசோன் வலரேற்றும் மொமெற்றசோனும். மிக வலியது குளோபெற்றசோல்.

இங்கே என் போன்ற ஆசிரியனுக்கு ஒரு கணக்குப் பாடம் இருக்கின்றது. ஒரு ரியூபில் ‘1 சதவீதம்’ என்று அச்சிட்டிருக்கின்றது. மற்றொரு ரியூபில் ‘0.05 சதவீதம்’ என்று அச்சிட்டிருக்கின்றது. எது வலியது? ஐந்தாந் தரத்துப் பிள்ளை முதலாவதைக் காட்டும். கணக்கு அதுதான். ஆனால் 1 சதவீதம் உள்ளது ஐதரோகோட்டிசோன். நான்கு படிகளில் மிக மென்மையானது. 0.05 சதவீதம் உள்ளது குளோபெற்றசோல்; நான்கிலும் மிக வலியது. சதவீத எண் ஒரே மருந்தின் செறிவை ஒப்பிடவே உதவும். வெவ்வேறு மருந்துகளின் வலிமையை ஒப்பிட உதவாது. மேற்படி எண்ணைப் பார்த்து ஏமாந்து, மெல்லிய மருந்து என்று எண்ணி வலிய மருந்தை முகத்திற் பூசியவர்கள் பலர். இக்குழப்பத்தைக் கருதியே பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2024 ஆம் ஆண்டில், மருந்தின் வலிமை இன்ன படி என்பதை ரியூபிலேயே எழுத்தில் அச்சிட வேண்டுமென்று அறிவித்தார்கள்.

அடுத்தது இடம். தோல் எங்கும் ஒரே தன்மையாய் இருப்பதில்லை. 1967 ஆம் ஆண்டில் பெல்ட்மன், மைபாக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஐதரோகோட்டிசோனை உடம்பின் வெவ்வேறு இடங்களிற் பூசி, எவ்வளவு உள்ளே செல்கின்றது என்று அளந்தார்கள். முன்கையின் உட்புறத்தில் உறிஞ்சப்படுவதை ஒரு பங்கு என்று கொண்டால், உள்ளங்காலில் அதன் ஏழில் ஒரு பங்கே செல்லும். உச்சந்தலையில் மூன்றரைப் பங்கு. நெற்றியில் ஆறு பங்கு. தாடையில் பதின்மூன்று பங்கு. ஆணின் விதைப்பையில் நாற்பத்திரண்டு பங்கு. பாதத்துக்குப் போதாத மருந்து முகத்துக்கு மிகுதியாகிவிடும் என்பது இதனாற் புலனாகும். முகம், கண்ணிமை, கக்கம், அரை மடிப்பு, குழந்தையின் அரைக்கச்சை கட்டும் இடம் ஆகியவற்றுக்கு மென்மையான மருந்தே போதும். அதுவும் வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மாத்திரமே. கண்ணைச் சுற்றி நெடுநாட் பூசினால் கண்ணின் அழுத்தம் உயரவும் புரை விழவும் இடமுண்டு.

மூன்றாவது, பூசும் அளவு. ‘மெல்லிதாய்ப் பூசுங்கள்’ என்று சொன்னால், ஒருவர் பட்டாணியளவு எடுப்பார். மற்றொருவர் பல் துலக்கப் பசை எடுப்பதுபோல் எடுப்பார். அஞ்சுகின்ற தாய் ஊசி முனையளவே எடுப்பார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, வேல்ஸ் நாட்டின் கார்டிவ் நகரத்தைச் சேர்ந்த லோங், பின்லே என்னும் இரு வைத்தியர் 1991 ஆம் ஆண்டில் விரல் நுனி அளவை ஒன்றை வகுத்தார்கள். வளர்ந்த ஒருவர் தம் சுட்டு விரலின் முதல் மடிப்பிலிருந்து நுனிவரை, சாதாரண ரியூபிலிருந்து ஒரு கோடாக மருந்தைப் பிதுக்க வேண்டும். அது ஏறத்தாழ அரைக் கிராம். விரல்களைச் சேர்த்து விரித்த வளர்ந்தவர் உள்ளங்கை இரண்டின் பரப்புக்கு அது போதும். பிள்ளைக்குப் பூசும்போதும் தாயின் விரலும் தாயின் கையுமே அளவுகோல். எந்த வீட்டிலும் இந்த அளவுகோல் இருக்கின்றது. கடையில் வாங்க வேண்டியதில்லை.

இப்பொழுது அஞ்சுகின்றவர்களிடம் சிறிது பேசுகின்றேன். அந்தத் தாயாரின் அச்சம் எமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் கரப்பான் நோயாளரையும் நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோரையுமாக 200 பேரை விசாரித்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் இம்மருந்தைப் பற்றிக் கவலை கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவர், அக்கவலையால் சொன்னபடி பூசாமல் விட்டதாக ஒப்புக்கொண்டார். தோல் மெலியும் என்பதே பலருடைய அச்சம். அந்த அச்சம் கட்டுக்கதையன்று. வலிய மருந்தை மெல்லிய தோலில் மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலியும், கோடுகள் விழும், நுண் குழாய்கள் வெளியே தெரியும். ஆனால் முறையாகப் பூசினால் அது எத்தனை பேருக்கு நேரும்? கரப்பானுக்கு இம்மருந்தைப் பூசும் முறைகளை ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, தோல் மெலிவைப் பதிவு செய்த ஆய்வுகளில் 2,266 பேருள் 26 பேருக்கே அது காணப்பட்டதென்று கூறுகின்றது. நூற்றுக்கு ஒருவர் என்க. அவர்களுள்ளும் பெரும்பாலோர் வலிமை கூடிய மருந்தைப் பூசியவர்கள். அவ்வாய்வுகள் பெரும்பாலும் குறுகிய காலத்தன என்பதையும் மறைக்காமற் கூற வேண்டும்.

மேலும் ஒன்று. வலிய மருந்தைச் சில நாள் பூசி நிறுத்துவதா, மெல்லிய மருந்தை நீள நாள் பூசுவதா நல்லது? நொட்டிங்ஹாமில் சாதாரண கரப்பான் உள்ள பிள்ளைகளிடத்தே இதனைச் சோதித்து 2002 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு வலிய மருந்து மூன்று நாள். மறு சாராருக்கு மெல்லிய மருந்து ஏழு நாள். பதினெட்டு வாரங்களின் முடிவில் நன்மையிலும் தீங்கிலும் இரு சாராருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே வைத்தியர் ஒரு பிள்ளைக்கு வலிய மருந்தைச் சில நாட்களுக்குக் கொடுத்தால் திகைக்க வேண்டியதில்லை. அதற்கு மாறாக, அச்சத்தால் அரைகுறையாகப் பூசி, நெருப்பை அணைக்காமல் விட்டால், நோய் நீளும். மொத்தத்திற் பூசும் மருந்தும் கூடும். அடிக்கடி திரும்பி வரும் கரப்பானுக்கு, தணிந்த பின்னரும் கிழமையில் இரண்டு நாள் மாத்திரம் அதே இடங்களிற் பூசிவரும் முறை ஒன்றுண்டு. அது நோய் மீண்டும் மூள்வதைப் பெரிதும் குறைக்கின்றது என்பதும் 2022 ஆம் ஆண்டின் அதே மீளாய்விற் காணப்படுவது.

கரப்பான் ஆறிய இடத்தில் கருமை படிவதைக் கண்டு, மருந்தாலேயே தோல் கறுத்தது என்று சொல்வாருமுளர். எம்மவர் தோலில் அழற்சி நின்ற இடத்திற் கருமை நிற்பது இயல்பு. அது பெரும்பாலும் நெருப்பு விட்டுப்போன கரி. அணைத்த நீரின் குற்றமன்று. காலப்போக்கில் அது மங்கும்.

இனி மிஞ்சுகின்றவர்களிடம் பேச வேண்டும். அந்த மாணவனுக்கு இருந்தது கரப்பான் அன்று. படர்தாமரை என்னும் பூஞ்சண நோய். அங்கே அழற்சி பகைவனைக் கண்டு எழுந்த உண்மையான காவல். மருந்து அக்காவலை உறங்கவைத்தது. சொறிச்சல் நின்றது, பூஞ்சணம் நிற்கவில்லை. காவற்காரன் உறங்கிய வீட்டிற் கள்வன் உலாவுவதுபோல் அது தடையின்றி உலாவிற்று. வட்டத்தின் விளிம்பு மறைந்து நோயின் முகமே மாறிவிடுவதால், வைத்தியருக்கும் அதனை இனங்காண்பது கடினமாகும். தன்னை மறைத்துக்கொண்ட படர்தாமரை என்ற பொருள்படும் ஓர் இலத்தீன் பெயரை அதற்கு ஐவ், மார்க்ஸ் என்னும் இரு வைத்தியர் 1968 ஆம் ஆண்டிலேயே இட்டார்கள். பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்தும், கிருமி கொல்லியும், வலிய ஸ்டெரொயிட்டும் ஒன்றாகக் கலந்த கிறீம்களைத் தாமாக வாங்கிப் பூசுவதும் இவ்வாபத்திலேயே கொண்டுபோய் விடும். ‘இரண்டு நாளிற் சுகம்’ என்பது சுகத்தின் அடையாளம் அன்று என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இதனிலும் கொடியது நிறத்துக்காகப் பூசுவது. 1975 ஆம் ஆண்டில் கிளிக்மன், வில்லிஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், தோலில் விழும் கரும்படலத்துக்கு மூன்று மருந்துகளைக் கூட்டி ஒரு கலவை வகுத்தார்கள். அவற்றுள் ஒன்று ஸ்டெரொயிட். நோய்க்கென வகுத்த அந்தக் கூட்டின் வழிவந்த கிறீம்கள், முகத்தை வெளுப்பாக்கும் பூச்சாகக் கடைகளிற் புகுந்தன. முதற் சில கிழமைகளில் முகம் வெளிறும், பருவும் மறையும். பின்னர் தோல் மெலிந்து, எரிந்து, பரு குமுறி, உதட்டைச் சுற்றிச் சிறு கொப்புளம் எழும். நிறுத்தினால் முன்னையிலும் கடுமையாக எரியும். அவ்வெரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுவர். இத்தகைய முகங்கள் பெருகக் கண்டே இந்தியாவில் 2018 ஆம் ஆண்டில், பல ஸ்டெரொயிட் பூச்சுகளை வைத்தியரின் மருந்துச் சிட்டையின்றி விற்கலாகாதென ஆணை பிறந்தது. நீண்ட காலம் பூசி நிறுத்துவோருக்கு நேரக்கூடிய இத்தகைய கடும் எரிச்சலைக் குறித்துப் பிரித்தானிய அதிகாரிகளும் 2021 ஆம் ஆண்டில் எச்சரித்தார்கள். நெடுநாள் வலிய மருந்து பூசியவர்கள் தாமாக ஒரே நாளில் நிறுத்தாமல், வைத்தியரைக் கண்டு அவர் சொற்படி விடுவதே நன்று. பெயர் தெரியாத சிமிழில், இன்ன மருந்து உள்ளதென்று எழுதாமல் விற்கும் எந்த முகப்பூச்சையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். கல்யாணப் பேச்சுக்கு முன்னர் மகளின் நிறத்தை மாற்ற எண்ணும் பெற்றோருக்கு நான் கைகூப்பிச் சொல்வது இதுதான்: பிள்ளையின் நிறம் நோயன்று, நோயில்லாத இடத்தில் மருந்து பூசினால் மருந்தே நோயாகும்.

நேயர்களே, கையிற் பென்சிலும் தாளும் இருந்தால் ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இம்மருந்தை வைத்தியர் தரும்போது கேட்க வேண்டியவை அவை. முதலாவது, என் நோயின் பெயர் என்ன? இரண்டாவது, இந்த மருந்து நான்கு படிகளில் எந்தப் படியைச் சேர்ந்தது? மூன்றாவது, எந்த இடத்திற் பூசலாம், எந்த இடத்திற் பூசலாகாது? நான்காவது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நாளைக்கு? ஐந்தாவது, அந்த நாட்களுக்குள் சுகம் வராவிட்டால் எப்பொழுது திரும்பி வர வேண்டும்? கூட்டம் மிகுந்த கிளினிக்கில் வைத்தியருக்கு நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் ஐந்து கேள்விகளுக்கு மறுமொழி சொல்ல இரண்டு நிமிடமே செல்லும். அந்த மறுமொழிகளை ரியூபின் பெட்டியிலேயே எழுதி வையுங்கள். ஒருவருக்குத் தந்ததை மற்றொருவர் எடுத்துப் பூசாதீர்கள். தோலின் வேலியைக் காக்கும் ஈரப்பசைப் பூச்சையும் மறவாதீர்கள். மருந்து நிற்கும் நாட்களிலும் அது நிற்கலாகாது. இரண்டையும் பூச வேண்டிய வேளையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சிறிது நேரம் இடைவெளி விடுங்கள்.

அந்தத் தாயாரும் நானும் தோல் வைத்தியரிடம் ஒன்றாகவே போனோம். அவர் தம் சுட்டு விரலில் மருந்தைப் பிதுக்கிக் காட்டி, தாயாரையும் அவ்வாறே செய்யச் சொன்னார். ஆதாரம் இன்றி உணவை விலக்கி வளரும் பிள்ளையை வாட்ட வேண்டாம் என்றும் சொன்னார். எத்தனை நாள், எங்கே, எவ்வளவு என்று தெரிந்ததும் தாயாரின் முகத்தில் இருந்த அச்சம் பாதி விலகிற்று. இரண்டு கிழமைக்குள் பிள்ளை இரவில் உறங்கத் தொடங்கினாள். மாணவனுக்கு வைத்தியர் தோலைச் சிறிது சுரண்டிப் பரிசோதித்து, பழைய கிறீமை நிறுத்தி, பூஞ்சணத்துக்குரிய மருந்தைக் கொடுத்தார். சுகப்பட வாரக்கணக்காயிற்று. அந்த ஆண்டின் விளையாட்டுப் போட்டி அவனுக்குப் போய்விட்டது.

வைத்தியரிடமிருந்து திரும்பிய மறுநாட் காலையில் நான் வகுப்புக்குச் சென்று அந்த மாணவியின் மேசையை மற்றப் பிள்ளைகளின் நடுவே கொண்டுவந்து வைத்தேன். இது தொற்றாது என்பதை வகுப்புக்கு விளக்கினேன். பிழை செய்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினாள். இன்று அவள் உயர்தர வகுப்பிற் படிக்கின்றாள். கரப்பான் அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் கூறமாட்டேன். மழை விட்டு வரட்சி தொடங்கும் காலத்தில் இன்னும் சில நாள் எட்டிப் பார்க்கும். அப்பொழுது விரல் நுனியளவு மருந்தை, சொன்ன இடத்தில், சொன்ன நாட்களுக்குப் பூசுகின்றாள்; பின் நிறுத்துகின்றாள். அலுமாரிக்குள் அந்த ரியூப் இப்பொழுதும் இருக்கின்றது. முன்பு அச்சத்தால் அங்கே கிடந்தது. இப்பொழுது தேவை வரும்வரை அங்கே காத்திருக்கின்றது.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒன்று கிடந்தால், அதனை எறிந்துவிடாதீர்கள். உடனே எடுத்துப் பூசவும் வேண்டாம். பெட்டியோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். காலங் கடந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.